யன்னல் எத்தனை

படிவத்தில் பெயருக்கு இடமில்லை.
ஏழாம் வார்டில் இருப்பவர் நோயாளி நாற்பத்துமூன்று.
எலும்பு முறிவு வார்டில் இருப்பவர்
அவருக்கு ஒப்பீடு நாற்பத்துமூன்று.
ஒரே வயது, ஒரே மாவட்டம், இருவரும் ஆண்.
ஒருவருக்கு நுரையீரலில் புற்று,
மற்றவருக்குத் தொடையெலும்பில் ஆணி.

நோயாளி ஏறாவூர் லொறிச் சாரதி.
மூன்று சொல், பிறகு இருமல்,
பிறகு மூன்று சொல்.
பதினாறு வயதில் தொடக்கம்.
ஒரு நாளைக்கு எத்தனை என்றேன்.
"ஓடுற நாளா, நிக்கிற நாளா?"

சூத்திரம் எளிது.
எண்ணிக்கையை இருபதால் வகுத்து
வருடங்களால் பெருக்க வேண்டும்.
வருடங்களைத்தான் அவர் வருடமாகத் தரவில்லை.
"தொண்ணூறில சிகரெட் வரல்ல, தங்கச்சி.
ஒரு பீடிய நாலு பேர் இழுத்தம்.
மறுகா, பொயிண்டில நிக்கிறவனுக்குப்
பெட்டியோட குடுத்தாத்தான் லொறி போகும்.
அதையும் எழுதுவீங்களா?"
எழுதினேன், ஓரத்தில், பென்சிலால்.
கால் பீடிக்குக் கட்டம் இல்லை.
அடுத்தவன் ஊதியது அவர் கணக்கில் வராது.

ஒப்பீடு படுவான்கரை.
மாமரத்திலிருந்து விழுந்தவர்.
நாற்பத்தெட்டு வருடச் சுருட்டு,
விழும்போதும் வாயில் இருந்ததாம்.
"பார் புள்ள, எனக்கு ஒண்டும் ஆகல்ல"
நெஞ்சில் தட்டிக் காட்டினார்.
நல்ல தேங்காயைத் தட்டியதுபோல் கேட்டது.
அன்று பின்னேரம் முழு வார்டும் அவர் பக்கம்.
கஞ்சி கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார்.
நானும்.

ஒருவர் சான்று அல்ல என்றார் எங்கள் பேராசிரியர்,
முன்னூறு பேர் வேண்டும்,
முன்னூறுக்கு நிகராய் இன்னும் முன்னூறு.
நான் முன்னூறு பேரைக் கண்டதே இல்லை.
ஒவ்வொருவராகத்தான் கண்டேன்,
சேலைன் போத்தலுக்குக் கீழே,
கதிரை கிடைக்காத நாளில் நின்றுகொண்டு.

மாசியில் கணினி ஒரு கோடு வரைந்தது.
இடப்பக்கம் தாழ்ந்து
வலப்பக்கம் போகப் போக ஏறும் கோடு.
லொறிக்காரர் அதன்மேல் ஒரு புள்ளி.
அதற்குள் அவருடைய கட்டிலில் வேறு ஆள்.
படுவான்கரைக்காரரும் ஒரு புள்ளி,
கோட்டுக்கு வெகு கீழே
காலை நீட்டிப் படுத்திருக்கும் புள்ளி.
அவரை நாங்கள் அழிக்கவில்லை.
அவரையும் சேர்த்துக்கொண்டுதான்
கோடு ஏறுகிறது.

ஒரு வெற்றுப் படிவம் மிஞ்சியது.
மின்சாரம் நின்ற இரவு, கல்லடி அறையில்,
கைபேசி வெளிச்சத்தில் எனக்காக நிரப்பினேன்.
நான் புகைத்ததில்லை.
ஒன்று முதல் பதினாறு வரை ஒரே கீறல்.

பதினேழு:
நீங்கள் வளர்ந்த வீட்டில் யாரேனும் புகைத்தார்களா?
எந்த இடத்தில்? அந்த இடத்திற்கு யன்னல் எத்தனை?

இந்தக் கேள்வியை அறுநூறு பேரிடம் கேட்டிருக்கிறேன்.

வாகரை. எனக்கு எட்டு வயது.
பனங்குற்றி அடுக்கி மண் போட்ட பங்கர்,
உள்ளே ஆறு பேர்.
ஒவ்வொரு ஷெல்லுக்கும் அப்பா ஒன்று பற்றவைப்பார்.
இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளி
ஏறி இறங்கினால் அப்பா இருக்கிறார்.
அணைந்தால் தம்பி அழத் தொடங்குவான்,
அடுத்தது பற்றும்வரை.
அம்மா இருமினால்கூட
நிப்பாட்டுங்க என்று சொன்னதில்லை.

யன்னல்: பூச்சியம்.
வாசல் ஒன்று, மண்மூட்டை போட்டு மறைத்தது.
மணித்தியாலம்?

வாழைச்சேனைக்கு அழைத்தேன்.
அப்பா, பங்கருக்குள்ள
ஒரு நாளைக்கு எத்தனை பத்தினீங்க?
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
அறுநூறு மூச்சைக் கேட்ட காது
அதையும் அளந்தது, வேண்டாம் என்றாலும்.
"கிடைச்சதெல்லாம்" என்றார்.
அதற்கும் கட்டம் இல்லை.

பேனையை மூடினேன்.
அவர் இன்னும் தொலைபேசியை வைக்கவில்லை.

"ஏன் புள்ள," என்றார்,
"உனக்கு இருமுதா?"